பிரீஸ்ட்லியைக் காதால் படித்தல்: வாசகர் வட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பகுதி நூலகங்களின் வாசகர் வட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்தாளரைப் பற்றிப் பேசுவதென்றால், பெரும்பாலும் ஒருவர் எழுந்து அவர் பிறந்த ஆண்டில் தொடங்கி, நூல்களின் பெயர்களை வரிசையாக வாசித்து, பெற்ற விருதுகளைச் சொல்லி, மறைந்த ஆண்டில் முடிப்பார். ஜே. பி. பிரீஸ்ட்லியைப் பற்றிப் பாளையங்கோட்டையில் முதன்முதலாகப் பேசியபோது நானும் அப்படித்தான் செய்தேன். நாவல், நாடகம், கட்டுரை, பயண நூல், இலக்கிய வரலாறு, வானொலிப் பேச்சு என்று நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவரை ஒரு மணி நேரத்துக்குள் அடக்க முயன்றதால், கேட்டவர்களிடம் பெயர்கள் மட்டுமே மிஞ்சின. கூட்டம் கலைந்த பிறகு ஒருவர்கூட நூலகரிடம் சென்று அவருடைய புத்தகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அதன்பின் முறையை அடியோடு மாற்றி, மாதம் ஒரு கூட்டமாக அவரை மறுபடியும் எடுத்துக்கொண்டோம். அந்த முறையை மற்ற ஊர் வட்டங்களும் பின்பற்றத்தக்க வகையில் இங்கே எழுதுகிறேன்.

பல துறைகளில் எழுதியவரைப் படிக்க வேண்டுமானால், அத்தனை துறைகளுக்கும் பொதுவாக ஓடும் அவருடைய குரலை முதலில் பிடிக்க வேண்டும் என்பது என் துணிபு. பிரீஸ்ட்லியைப் பொறுத்தவரை அந்தக் குரல், காதால் கேட்பதற்கென்றே எழுதப்பட்ட குரல். ஆகவே அவருடைய வானொலிப் பேச்சில் தொடங்கி, கட்டுரைக்கும், அங்கிருந்து நாடகத்துக்கும், கடைசியாக நாவலுக்கும் போவதே நல்ல வரிசை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதிய வழக்கமும் அன்று. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூடலில் கம்பன் பாடலை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர்கள் கேட்டு அனுபவித்த ஊர் இது. ஒரு பாடலை நிறுத்தி, திரும்பச் சொல்லி, சொல்லின் எடை எங்கே விழுகிறது என்று பார்த்த அந்த நிதானத்தை ஓர் ஆங்கில உரைநடைக்கும் கொடுத்துப் பார்க்கலாம்.

முதல் கூட்டம்: வானொலிப் பேச்சு

1940ஆம் ஆண்டு மே 26 முதல் ஜூன் 4 வரை, பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிக்கொண்ட நேச நாட்டுப் படையினர் சுமார் 3,38,000 பேர் கடல் வழியாக இங்கிலாந்துக்கு மீட்கப்பட்டனர். அதற்கு மறுநாள், ஜூன் 5 அன்று இரவு, பிரீஸ்ட்லி பிபிசி வானொலியில் பேசினார். போஸ்ட்ஸ்கிரிப்ட்ஸ், அதாவது பின்குறிப்புகள், என்று பெயர்பெற்ற அந்தப் பேச்சுகள் அந்த ஆண்டு அக்டோபர் வரை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிச் செய்திக்குப் பின் ஒலித்தன. அதே ஆண்டில் நூலாகவும் வந்தன. இந்தச் சிறிய நூலிலிருந்து ஜூன் 5 பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்குள் படித்துவிடலாம்.

படிப்பவர் முந்தைய நாளே இரண்டு முறை தனியாக வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். கூட்டத்தில் முதலில் ஆங்கிலத்தில் ஒரே மூச்சாகப் படிக்கட்டும். ஆங்கிலம் சரளமாகப் பழகாதவர்கள் இருந்தாலும் நடுவில் நிறுத்தி விளக்க வேண்டாம். முடிந்த பிறகு இன்னொருவர் அதன் சாரத்தைத் தமிழில், தம் சொந்த வாக்கியங்களில், சொல்ல வேண்டும். அதற்கும் பிறகுதான் பேச்சு. பிபிசியின் ஆவணக் காப்பகத்தில் பிரீஸ்ட்லியின் குரல் பதிவுகள் உள்ளன. இணையத்தில் கிடைப்பதை இறுதியில் போட்டுக் காட்டலாம். முதலிலேயே போட்டுவிட்டால், படிப்பவர் அவரைப் போலவே படிக்க முயன்று தடுமாறுவார்.

இந்தப் பேச்சில் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது, அவர் எதைப் பற்றிப் பேசத் தேர்ந்தெடுத்தார் என்பதை. போர்க்கப்பல்களும் தளபதிகளும் அவர் பேச்சில் முன்னால் நிற்கவில்லை. கோடை விடுமுறையில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கரையோரமாகச் சென்றுவந்த உல்லாசச் சிறு நீராவிப் படகுகள்தான் அவருடைய பொருள். மணல் வீடு கட்டும் பிள்ளைகள், கடற்கரைக் கோமாளிகள், கைரேகை பார்ப்பவர்கள், தேநீரோடு முட்டையும் பன்றியிறைச்சியும் விற்கும் கடைகள் ஆகியவை அடங்கிய அந்த எளிய உலகத்திலிருந்து புறப்பட்டு அந்தப் படகுகள் நெருப்புக்குள் போய் வந்தன என்கிறார். அவற்றில் ஒன்றான கிரேசி ஃபீல்ட்ஸ் என்ற படகு, தமக்குப் பழக்கமான வைட் தீவுப் படகு, இனித் திரும்பி வராது என்று சொல்லும் இடத்தில் பேச்சு கனக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிச் செல்லும் தோணிகளைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு படகைப் பெயர் சொல்லித் துக்கம் விசாரிப்பது எப்படிப்பட்டது என்று விளக்கவே வேண்டாம்.

இரண்டாவதாக, அந்தக் குரலின் ஊர்வாசனையைக் கேட்கச் சொல்லுங்கள். அந்நாளைய பிபிசியில் ஒலித்தது பெரும்பாலும் தென் இங்கிலாந்தின் மேட்டுக்குடி உச்சரிப்பு. பிரீஸ்ட்லி வடக்கே யார்க்‌ஷயரிலுள்ள பிராட்ஃபோர்டைச் சேர்ந்தவர். அந்த வட்டார உச்சரிப்பை மறைக்காமல் பேசினார். திருநெல்வேலி வானொலி நிலையத்தில் நம் ஊர்ப் பேச்சின் இழுப்போடு ஒருவர் பேசக் கேட்டால், நம்மை அறியாமலேயே நம்பிக்கை பிறக்கிறது. 1940இல் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அந்த அனுபவம்தான் கிட்டியது. டன்கிர்க்குக்குப் பிந்தைய மாதங்களில் சர்ச்சிலுக்கு அடுத்தபடியான தலைவராக அவர் விளங்கினார் என்று நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் எழுதியதன் பின்னணி இதுவே. போருக்குப் பிறகு நாடு பழைய ஏற்றத்தாழ்வுகளுக்குத் திரும்பக் கூடாது என்று அந்தப் பேச்சுகளில் அவர் சொல்லத் தொடங்கியபோது, கன்சர்வேடிவ் கட்சியினர் பலர் கசப்படைந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் அவரை இனிமையாகப் பேசிய ஒரு பெரியவராக மட்டும் எண்ணிக்கொள்வார்கள்.

நேரம் இருந்தால், பிராட்ஃபோர்டில் குண்டு விழுந்த பிறகும் ஒரு பழைய கடையின் சன்னலில் ஆவி விட்டுக்கொண்டிருந்த பெரிய இறைச்சிப் பணியாரத்தைப் பற்றிய பேச்சையும் படிக்கலாம். சிறு பையனாக அந்தக் கடையின் முன் நின்று பார்த்தவர் பேசுகிறார். நெல்லையப்பர் கோயில் முன்னுள்ள அல்வாக் கடையைப் பற்றி வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் பேசும் தொனி இதில் இருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பு: ஒரு பக்கம் போதும்

முதல் கூட்டத்துக்குப் பின், இவர் யார் என்ற கேள்வி தானாக எழும். அப்போது ஒரே பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு கொடுங்கள். 1894 செப்டம்பர் 13 அன்று பிராட்ஃபோர்டில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். தாய் அவருடைய குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, ஒரு கம்பளி வணிக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மாலை நேரங்களில் வீட்டு மாடியறையில் எழுதினார். உள்ளூர்த் தொழிலாளர் வார இதழில் பத்தி எழுதினார். 1914இல் படையில் சேர்ந்தார். 1916இல் பீரங்கிக் குண்டு வெடித்து மண்ணுக்குள் புதைந்து காயத்தோடு மீண்டார். போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் படித்து, 1922இல் லண்டனுக்குச் சென்று, விமர்சனமும் கட்டுரையும் எழுதிப் பிழைத்தார். 1984 ஆகஸ்ட் 14 அன்று மறைந்தார். சர் பட்டத்தையும் பிரபுக்கள் அவை உறுப்பினர் பதவியையும் மறுத்தவர், 1977இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற சிறப்பை மட்டும் ஏற்றுக்கொண்டார். மற்ற விவரங்களை அந்தந்த நூலைப் படிக்கும்போது சொன்னால்தான் அவை மனத்தில் நிற்கும்.

இந்தக் குறிப்பில் நின்று பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு; அது முதல் உலகப் போர். அவரோடு பிராட்ஃபோர்டில் வளர்ந்த இளைஞர்களில் பலர் திரும்பவில்லை. ஆயினும் அதைப் பற்றி அவர் நீண்ட காலம் விரிவாக எழுதவில்லை; 1962இல் வந்த மார்ஜின் ரிலீஸ்டு என்ற நினைவுக் குறிப்பில்தான் மனம் திறந்தார். இடையில் 1934இல் வந்த இங்கிலீஷ் ஜர்னி என்ற பயண நூலில் ஓர் இடம் வருகிறது. பிராட்ஃபோர்டில் தம் பழைய படைப்பிரிவினரின் ஒன்றுகூடல் விருந்துக்கு அவர் செல்கிறார். நுழைவுச் சீட்டை இலவசமாகத் தருவதாகச் சொல்லியும், உடுத்திவர நல்ல உடை இல்லாததால் சில தோழர்கள் வரவில்லை என்று அறிகிறார். அந்தப் பக்கங்களைக் கட்டாயம் வாய்விட்டுப் படியுங்கள். அவருடைய நாடகங்களில் வரும் கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த விமர்சகரிடமும் நான் படித்ததில்லை.

இங்கிலீஷ் ஜர்னி முழுவதையும் படிக்க விரும்புவோருக்கு ஒரு திறவுகோல்: 1933இன் இலையுதிர்காலத்தில் நாட்டைச் சுற்றிவந்த அவர், இறுதியில் தாம் கண்டது ஒரே இங்கிலாந்து அல்ல என்று முடிவுக்கு வருகிறார். கோயில்களும் மாளிகைகளும் கொண்ட பழைய இங்கிலாந்து. நிலக்கரியும் ஆலையும் கொண்ட 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. நெடுஞ்சாலையும் பெட்ரோல் நிலையமும் திரையரங்கும் கொண்ட போருக்குப் பிந்தைய இங்கிலாந்து. இவற்றோடு வேலையற்றோர் உதவித்தொகையில் வாழும் இங்கிலாந்து. ஒரு நாள் எங்கள் வட்டத்தில் இதே கண்ணோடு நம் மாவட்டத்தைப் பார்க்க முயன்றோம். ஆற்றங்கரைக் கோயில் ஊர்கள், விக்கிரமசிங்கபுரம் போன்ற ஆலை ஊர்கள், நான்குவழிச் சாலையோரத்து உணவகங்கள், தேரிக்காட்டுப் பனையேறிகளின் குடியிருப்புகள் என்று ஒரு பட்டியல் எழுந்தது. பிரீஸ்ட்லியின் நூலை ஒரு பயணக்காட்சித் தொகுப்பாகக் கருதியிருந்தவர்கள், அதன் பிறகு அது ஒரு வாதம் என்று புரிந்துகொண்டார்கள்.

கட்டுரை: எழுதிப் பார்த்துப் படித்தல்

1949இல் வந்த டிலைட் என்ற நூலில் 114 சிறு கட்டுரைகள் உள்ளன. ஒவ்வொன்றும் தமக்கு மகிழ்ச்சி தந்த ஒன்றைப் பற்றியது. எப்போதும் குறைசொல்பவன் என்று பெயரெடுத்த தாம் அதற்கு ஈடுசெய்ய எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். போரால் இளைத்து, உணவுப் பங்கீடு தீராத நாட்டில் இந்த நூல் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் நீரூற்றைப் பார்த்து மகிழ்வதும், படுக்கையில் துப்பறியும் கதை படிப்பதும், ஒரு விழாவுக்குப் போகாமல் இருந்துவிடுவதும் எவ்வளவு பெரிய சொத்துகள் என்று தெரியும்.

நான்கைந்து கட்டுரைகளைப் படித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுதிவர வேண்டும் என்று கேளுங்கள். விதிகள் மூன்று. பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். அது எழுதுபவர் தம் கண்ணாலும் கையாலும் அறிந்ததாக இருக்க வேண்டும். மகிழ்ச்சி, ஆனந்தம், பேரின்பம் என்ற சொற்களை எங்குமே எழுதக் கூடாது. மூன்றாவது விதிதான் முக்கியமானது. பிரீஸ்ட்லி பொருளை வருணித்தே உணர்வை எழுப்புகிறார் என்பதை, எழுதிப் பார்க்கும்போதுதான் நாம் உணர்கிறோம். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஒருவர், கார் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்த அன்று, காய்ந்து வெடித்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் ஆள் நடக்கும் வேகத்தில் வருவதையும், தாம் சிறுவயதில் அதன் முன்னால் பின்பக்கமாக நடந்து போனதையும் எழுதி வந்தார். பட்டையில் ஊற்றிய பதநீரைச் சிந்தாமல் குடிப்பதைப் பற்றி இன்னொருவர் எழுதினார். இவற்றைப் படித்த பிறகு மீண்டும் பிரீஸ்ட்லியின் கட்டுரைக்குத் திரும்பியபோது, ஒவ்வொரு வினைச்சொல்லையும் உறுப்பினர்கள் எடைபோட்டுப் பார்த்தார்கள்.

நாடகம்: வட்டத்தின் நடு ஆண்டு

பிரீஸ்ட்லியில் வாசகர் வட்டத்துக்கு மிகவும் ஏற்றவை நாடகங்கள் என்பதால் இதற்கு மூன்று நான்கு கூட்டங்கள் ஒதுக்குங்கள். பெங்குவின் வெளியீடாக வந்துள்ள ஒரு தொகுப்பில் ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ், டைம் அண்ட் தி கான்வேஸ், ஐ ஹேவ் பீன் ஹியர் பிஃபோர், தி லிண்டன் ட்ரீ ஆகிய நான்கும் ஒன்றாக இருக்கின்றன. அந்த ஒரு புத்தகத்தின் சில படிகள் போதும்.

முதலில் ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ். சோவியத் ஒன்றியத்தில் 1945இலும் லண்டனில் 1946இலும் மேடையேறிய இந்த நாடகம், 1912இல், பிரம்லி என்ற கற்பனை நகரத்தில், ஆலை முதலாளி பர்லிங்கின் வீட்டு உணவறையில் நடக்கிறது. மகளின் நிச்சயதார்த்த விருந்து நடந்துகொண்டிருக்கும்போது ஓர் ஆய்வாளர் வந்து, ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் கிருமிநாசினியைக் குடித்து இறந்துவிட்டதாகச் சொல்கிறார். அவளுடைய வாழ்க்கையில் அந்தக் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் என்ன பங்கு என்று ஒருவர் பின் ஒருவராக விசாரிக்கிறார். பேசும் பாத்திரங்கள் ஏழு. மூன்று அங்கங்களும் ஒரே அறையில், இடைவெளியின்றி நடப்பதால், நாற்காலிகளை ஒரு மேசையைச் சுற்றிப் போட்டாலே அரங்கம் தயார்.

பாத்திரங்களைப் பங்கிடும்போது, வேலைக்காரி எட்னாவின் பகுதியைச் சிறியது என்று எண்ணிக் கடைசியில் யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். அந்த மேசையில் உட்காராமல் நிற்கும் ஒரே ஆள் அவள். அவளை நிற்க வைத்தே படிக்கச் சொல்லுங்கள். ஆய்வாளராகப் படிப்பவர் குரலை உயர்த்தக் கூடாது. நம் ஊர் மேடைப் பழக்கத்தில் காவல் அதிகாரி என்றாலே உரத்த குரல் வந்துவிடும், ஆனால் இந்த ஆய்வாளரின் வலிமை நிதானத்தில் இருக்கிறது. டைட்டானிக் கப்பல் மூழ்காது, போர் வராது என்று பர்லிங் சொல்லும் இடங்களில் படிப்பவர் கேலித் தொனி காட்டக் கூடாது. அவர் முழு நம்பிக்கையோடு சொன்னால்தான், அதன் முடிவை அறிந்த நமக்கு நெஞ்சு திக்கென்கிறது. முதல் நாள் இரண்டாம் அங்கத்தின் முடிவில், மகன் எரிக் உள்ளே நுழையும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மூன்றாம் அங்கத்தை அறிந்தவர்கள் வாய்திறக்கக் கூடாது என்று முன்னரே உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈவா ஸ்மித் ஆலையிலிருந்து நீக்கப்பட்டது, வார ஊதியத்தை இருபத்திரண்டரை ஷில்லிங்கிலிருந்து இருபத்தைந்தாக உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த குழுவில் முன்னின்றதற்காக. நாடகத்தின்படி அது 1910இல் நடந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1908 பிப்ரவரி இறுதியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த தூத்துக்குடியில், வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். சில நாட்களில் அந்தத் தலைவர்கள் கைதானார்கள். இந்த இணையை உறுப்பினர்களே கண்டு சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது தடுக்க வேண்டாம். ஆனால் நாடகத்தைத் திருநெல்வேலிக்கு இடம்மாற்றி, பர்லிங்கைப் பிள்ளைவாள் என்றும் முதலியார்வாள் என்றும் ஆக்கிப் படிப்பதை முதல் வாசிப்பில் அனுமதிக்காதீர்கள். இங்கிலாந்தின் வர்க்க வேறுபாட்டில் பேச்சு, உடை, கல்வி ஆகியவற்றின் பங்கு தனி. நம் சாதி அடுக்கை அதன் மேல் போர்த்தினால் இரண்டுமே மங்கிவிடும். மூலத்தை அதன் இடத்தில் முழுதாகப் பார்த்த பிறகு தழுவல் செய்யலாம். இந்த நாடகத்தைத் தழுவி வங்காளத்தில் 1965இல் ஒரு திரைப்படமே வந்திருக்கிறது.

அடுத்தது டைம் அண்ட் தி கான்வேஸ், 1937இல் மேடையேறியது. முதல் அங்கம் 1919இல் கே என்ற பெண்ணின் இருபத்தோராவது பிறந்தநாள். இரண்டாம் அங்கம் அதே வீட்டில் 1937, குடும்பம் சிதைந்திருக்கிறது. மூன்றாம் அங்கம் மீண்டும் 1919, முதல் அங்கம் விட்ட இடத்திலிருந்து. இதைப் படிக்கும்போது ஒரே ஓர் எச்சரிக்கை: மூன்றாம் அங்கத்தைச் சோகமாகப் படிக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் எதிர்காலம் தெரியாது, கேட்பவர்களுக்குத் தெரியும். படிப்பவர் முதல் அங்கத்தில் எவ்வளவு துள்ளலோடு படித்தாரோ அதே துள்ளலோடு படித்தால், கேட்பவர்களின் தொண்டை தானாக அடைக்கும். எங்கள் கூட்டத்தில் அந்த அங்கம் முடிந்த பிறகு சில நிமிடங்கள் ஒருவரும் பேசவில்லை. பேசச் சொல்லி நானும் கேட்கவில்லை.

காலத்தைப் பற்றிய பிரீஸ்ட்லியின் கருத்துகளுக்கு ஜே. டபிள்யூ. டன் என்பவரின் நூலும், ஐ ஹேவ் பீன் ஹியர் பிஃபோர் நாடகத்துக்கு ரஷ்யரான உஸ்பென்ஸ்கியின் கொள்கையும் அடிப்படை. இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே வினைப்பயன், மறுபிறவி என்று பேசத் தொடங்குவார்கள். உஸ்பென்ஸ்கி சொல்வது வேறு: அதே மனிதன், அதே வாழ்க்கை, அதே நாட்கள் மறுபடி மறுபடி வருகின்றன, விழித்துக்கொண்டவனால் ஒரு சுற்றில் அதைத் திருப்ப முடியும். நம் மறுபிறவிக் கொள்கையில் உடலும் பிறப்பும் மாறுகின்றன. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் இரண்டு வரிகளாக எழுதிப் போட்டுவிட்டால் வாதம் நல்ல திசையில் போகும். பிரீஸ்ட்லி இதில் இறுதிவரை ஈடுபாடு கொண்டிருந்தார். 1963இல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வழியாக நேயர்களின் விந்தையான கால அனுபவங்களைக் கேட்டு, வந்து குவிந்த கடிதங்களையும் பயன்படுத்தி, 1964இல் மேன் அண்ட் டைம் என்ற நூலை வெளியிட்டார். ஒலிபரப்பாளரும் நூலாசிரியரும் ஒருவராக இணைந்த இடங்களில் இதுவும் ஒன்று.

நாவல்

தி குட் கம்பானியன்ஸ் 1929இல் வந்து அவருக்குப் பெரும்புகழ் தந்தது. அந்த ஆண்டுக்கான ஜேம்ஸ் டெய்ட் பிளாக் நினைவுப் பரிசையும் பெற்றது. அளவில் மிகப் பெரியது. மூன்று பாகங்களாக அமைந்திருப்பதால், மாதம் ஒரு பாகம் என்று வீட்டில் படித்துவரச் சொல்லுங்கள். கூட்டத்தில் பாகத்துக்கு ஓர் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டுப் படித்தால் போதும். ஆலை ஊரிலிருந்து வெளியேறிய தச்சர் ஜெஸ் ஓக்ராய்டும், பள்ளி ஆசிரியர் வேலையை உதறிய இனிகோ ஜாலிஃபன்டும், வயதான தந்தையைப் பார்த்துக்கொண்டே இளமையைக் கழித்த மிஸ் டிராண்டும், நிர்வாகி பணத்தோடு ஓடிவிட்டதால் நடுவழியில் நின்றுபோன ஓர் ஆடல்பாடல் குழுவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகிறார்கள். நம்மவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்து நாடகக் குழுக்களைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லக் கேட்ட குடும்பங்கள் இன்றும் இங்கே உள்ளன. அத்தகைய ஒருவர் உங்கள் வட்டத்தில் இருந்தால், முதல் பாகத்தைப் படிக்கும் நாளில் அவரைப் பேசச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் மிகுந்த வட்டமானால், 1930இல் வந்த ஏஞ்சல் பேவ்மென்ட் நல்ல தேர்வு; லண்டனில் ஒரு சிறு வணிக நிறுவனத்தின் எழுத்தர்களும் கணக்கரும் வெளியாள் ஒருவரின் வருகையால் நிலைகுலையும் கதை அது. மற்ற நாவல்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

புத்தகம் தேடுதல்

பாளையங்கோட்டையிலுள்ள மாவட்ட மைய நூலகத்தில் தொடங்குங்கள். நூற்பட்டியலில் ஆசிரியர் பெயரைக் கொண்டு தேட வேண்டும். ஏனெனில் இவருடைய நாவல்கள், நாடகங்கள், கட்டுரைகள், பயண நூல், இலக்கிய விமர்சனம் ஆகியவை வெவ்வேறு அடுக்குகளில் இருக்கும், ஒரே அடுக்கைப் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பிவிடக் கூடாது. ஆக்சிஜனைக் கண்டறிந்த ஜோசப் பிரீஸ்ட்லி 18ஆம் நூற்றாண்டு வேதியியலாளர். பட்டியலில் இருவரும் அருகருகே வருவதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டைத் தூய யோவான் கல்லூரி, தூய சவேரியார் கல்லூரி, அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆங்கிலத் துறைகளுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி உதவி கேளுங்கள். நேரில் திடீரென்று போய் நிற்பதைவிட நூலகத்தின் பெயரில் ஒரு கடிதம் கதவைத் திறக்கும். பழைய புத்தகக் கடைகளில், முந்தைய தலைமுறைக் கல்லூரி மாணவர்களின் கட்டுரைத் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். பிரீஸ்ட்லியின் கட்டுரை ஒன்று அவற்றில் இருக்க வாய்ப்புண்டு.

காப்புரிமை பற்றி ஒரு சொல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிப்பதால், பிரீஸ்ட்லியின் நூல்கள் 2044 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. நியாயமான அளவு பகுதிகளைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படிப்பதற்கும், கட்டணம் வாங்காத பார்வையாளர்களுக்கு முன் தொழில்முறை சாராத மன்றம் நாடகம் நடத்துவதற்கும் சட்டம் இடம் தருகிறது. நாடகம் முழுவதையும் நகலெடுத்து விநியோகிப்பதும், தமிழில் மொழிபெயர்த்து அச்சிடுவதும் அனுமதியின்றிச் செய்யக் கூடாதவை. மொழிபெயர்க்க விரும்பும் உறுப்பினர் இருந்தால் உரிமையாளருக்கு முதலில் எழுதட்டும்.

கடைசிக் கூட்டத்தில், 1957 நவம்பரில் நியூ ஸ்டேட்ஸ்மன் இதழில் பிரிட்டனின் அணுகுண்டுகளை எதிர்த்து அவர் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அணு ஆயுதக் குறைப்பு இயக்கம் 1958இல் பிறப்பதற்கு அது ஒரு தூண்டுகோலாக அமைந்தது. நம் மாவட்டத்தில் இதைப் படித்தால் கூடங்குளத்தின் பெயர் வராமல் இருக்காது. அவர் எழுதியது குண்டுகளைப் பற்றி, மின் நிலையங்களைப் பற்றி அன்று என்பதைக் கூட்டத்தை நடத்துபவர் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு, கட்டுரையைப் படிக்க வேண்டும். முதல் கூட்டத்தில் அந்த 1940 ஜூன் மாதப் பேச்சைப் படித்த அதே உறுப்பினரையே இதையும் படிக்கச் சொல்லுங்கள். பதினேழு ஆண்டு இடைவெளியில் வாக்கியங்கள் எங்கே இறுகியிருக்கின்றன, எங்கே அந்தப் பழைய படகுக்காரரின் தொனி அப்படியே இருக்கிறது என்று, இத்தனை மாதங்கள் காதால் படித்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லட்டும். நூலகர் விளக்கை அணைக்க வரும்வரை அதற்கு நேரம் கொடுங்கள்.